அஞ்ச வேண்டிய வரி எது? மென்பொருளாளர் பணி ஒப்பந்தங்களும் இந்தியச் சட்டமும்

கல்லூரி வளாகத் தேர்வில் வேலை கிடைத்த பையனுக்கு மின்னஞ்சலில் ஒரு கோப்பு வருகிறது. இருபது, முப்பது பக்கம். கடைசிப் பக்கத்துக்குத் தாவி, கைபேசிக்கு வந்த ஓடிபியை அடித்தால் கையெழுத்து முடிந்தது. சிறிய நிறுவனம் என்றால் சடங்கு இன்னும் பழைய பாணி: முத்திரைத் தாளில் பாண்ட், அதில் ஜாமீன்தாராக அப்பாவின் கையெழுத்து, சில இடங்களில் அசல் மதிப்பெண் பட்டியலும் போய்விடும். வீட்டில் இனிப்பு வாங்குகிறார்கள். அந்தக் காகிதத்தை யாராவது முழுசாகப் படிப்பது, அவன் பேப்பர் போடுகிற நாளில்தான்.

அன்றைக்குப் படிக்கும்போது பயம் வருகிறது. பயப்படுவதில் தவறில்லை, ஆனால் பெரும்பாலும் தவறான வரியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். போட்டி நிறுவனத்தில் ஓராண்டு சேரக் கூடாது என்ற வரியைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர், அதே வாரத்தில் தான் எழுதிய நிரலையெல்லாம் சொந்த கிட்ஹப் கணக்குக்கு நகல் எடுத்துக்கொள்கிறார். இந்தியச் சட்டத்தில் முதல் வரிக்கு அநேகமாக உயிரில்லை. இரண்டாவது செயல் சிறை வரைக்கும் இழுக்கக் கூடியது. இந்தக் கட்டுரை அந்தத் தலைகீழ் அச்சத்தைப் பற்றியது.

போகாதே என்று சொல்லும் வரி

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு மிகச் சிறியது. சட்டபூர்வமான தொழிலையோ வேலையையோ வணிகத்தையோ ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அப்படித் தடுக்கும் அளவுக்குச் செல்லாது என்கிறது. பிரிவிலேயே சொல்லப்பட்டிருக்கும் விதிவிலக்கு ஒன்றுதான்: கடையை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றவர், வாங்கியவருக்குப் போட்டியாக அதே வட்டாரத்தில் கடை போடமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளலாம். இங்கிலாந்து நீதிமன்றங்கள் இத்தகைய தடை நியாயமானதா என்று எடை போடும். இந்தியப் பிரிவில் நியாயம் என்ற சொல்லே கிடையாது. 1874-இல் கல்கத்தாவில் ஒரே வட்டாரத்தில் பித்தளைப் பாத்திர வியாபாரம் செய்த இருவர் வழக்குக்கு வந்தார்கள். ஒருவர் கடையை மூடினால் மற்றவர் பணம் தருவதாகப் பேச்சு. அவர் மூடினார், பணம் வரவில்லை, வழக்குப் போட்டார், தோற்றார். கொஞ்சம் தடுத்தாலும் தடைதான் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. நியாயமான தடைகளை அனுமதிக்கும்படி பிரிவைத் திருத்தலாம் என்று 1958-இல் சட்ட ஆணையம் தன் 13-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்தத் திருத்தம் இன்றுவரை வரவில்லை.

இந்தப் பிரிவின் பூர்வீகம் சுவாரசியமானது. நியூயார்க் வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்ட் தன் மாநிலத்துக்காக ஒரு சிவில் சட்ட வரைவு எழுதினார். நியூயார்க் அதை ஏற்கவில்லை. இந்தியாவுக்குச் சட்டம் எழுதியவர்கள் அதிலிருந்து இந்த விதியை எடுத்தார்கள். அதே 1872-இல் கலிஃபோர்னியாவும் எடுத்தது. ஆக, சிலிக்கான் பள்ளத்தாக்கின் பொறியாளரும் பழைய மகாபலிபுரம் சாலையின் பொறியாளரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்.

உச்ச நீதிமன்றம் இதில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 1967-இல் கல்யாணில் டயர் நூல் தயாரித்த ஆலையின் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் ஒருவர், ஐந்தாண்டு ஒப்பந்தம் முடியுமுன் போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஒப்பந்தக் காலத்துக்குள் வேறிடத்தில் வேலை செய்யாதே என்ற நிபந்தனை செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையில் இருக்கும்வரை விசுவாசம் கேட்கலாம். விட்டுப் போன பிறகு கேட்க முடியாது. 1980-இல் சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி வழக்கில் நிறுவனம் தோற்றபோது இந்தப் பார்வை இன்னும் கெட்டிப்பட்டது. 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கிலும் அதே கோடுதான்: ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு முகவரிடம் போகவிடாமல் கட்டும் நிபந்தனை செல்லாது.

மென்பொருளுக்கு நேரடியாகப் பொருந்தும் தீர்ப்பு 2025 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் பொறியாளர், அந்த நிறுவனம் யாருக்காகத் திட்டம் செய்துகொண்டிருந்ததோ அந்த அரசு அமைப்பிலேயே வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாண்டுகள் வாடிக்கையாளர் பக்கம் போகக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தது. கீழ் நீதிமன்றம் தடை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. ஊழியரை வேலையில்லாமல் இரு அல்லது பழைய இடத்திலேயே கிட என்று இரண்டில் ஒன்றுக்குத் தள்ளும் நிபந்தனையைச் சட்டம் தாங்காது என்பது அதன் சாரம்.

பிறகு ஏன் எல்லா ஒப்பந்தத்திலும் இந்த வரி இருக்கிறது? 2022-இல் இன்ஃபோசிஸ் நியமனக் கடிதத்தில் இருந்த வரி பெரிய செய்தியானது. விலகிய ஆறு மாதத்துக்கு, தான் கையாண்ட வாடிக்கையாளருக்காகப் பெயர் குறிப்பிட்ட சில போட்டி நிறுவனங்களில் வேலை செய்யக் கூடாது என்று அது கேட்டது. புனேயைச் சேர்ந்த ஐ.டி. ஊழியர் அமைப்பு தொழிலாளர் அமைச்சகத்துக்குப் புகார் கொண்டுபோனது. நீதிமன்றத்தில் ஜெயிப்பதற்காக யாரும் அப்படி எழுதுவதில்லை என்பது என் எண்ணம். வக்கீல் நோட்டீஸ் ஒன்று போதும். புதிய நிறுவனத்தின் எச்.ஆர். தயங்குவார், ஊழியர் சம்பள பேரத்தில் இறங்கி வருவார். செல்லாத வரியை எழுதியதற்கு இங்கே அபராதமும் இல்லை. கலிஃபோர்னியா இந்த இடத்தில் பங்காளியை விட்டு முன்னே போய்விட்டது. 2024 முதல் அங்கே இத்தகைய நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்ப்பதே சட்டவிரோதம். ஏற்கெனவே எழுதியிருந்தவர்கள், அது செல்லாது என்று 2024 பிப்ரவரி 14-க்குள் ஊழியர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது.

ஒரு துணைக் கதை. ஊழியரைக் கட்ட முடியாதபோது நிறுவனங்கள் ஒன்றையொன்று கட்டிக்கொள்கின்றன: உன் ஆளை நான் எடுக்கமாட்டேன், என் ஆளை நீ எடுக்காதே. 2006-இல் விப்ரோ, பெக்மன் கூல்டர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தனியாகப் பார்த்தது. மீறிய நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டி வரலாம். ஆனால் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்த ஊழியரின் கால் அதனால் கட்டப்படாது.

பாண்ட்: இங்கே கவனம் வேண்டும்

போட்டித் தடை செல்லாது என்று கேள்விப்பட்டவர்கள், பாண்டும் செல்லாது என்று தாங்களே முடிவுகட்டிக்கொள்கிறார்கள். இது ஆபத்தான தவறு.

பாண்ட் உங்களைப் போகாதே என்று சொல்வதில்லை. போனால் இவ்வளவு கட்டிவிட்டுப் போ என்கிறது. இதற்கு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு பொருந்தும். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்ச வரம்புதான். நீதிமன்றம் அதற்குள் நியாயமான இழப்பீட்டைத் தீர்மானிக்கும். 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் பார்த்த ஒரு வழக்கு இதற்கு நல்ல பாடம். மூன்றாண்டு பாண்ட், இரண்டு லட்சம் ரூபாய். ஊழியர் இரண்டு ஆண்டு முடித்துவிட்டுப் போய்விட்டார். பயிற்சிக்கு நிறுவனம் செலவிட்டதாக நிரூபிக்க முடிந்தது 67,596 ரூபாய். மூன்றில் இரண்டு பங்கு காலம் உழைத்துக் கழித்துவிட்டார் என்று கணக்கிட்டு, மீதிக்காக 22,532 ரூபாய் மட்டும் கட்டச் சொன்னது நீதிமன்றம். இரண்டு லட்சம் எங்கே, இருபத்திரண்டாயிரம் எங்கே. சென்னை உயர் நீதிமன்றமோ 1990-களில் டோஷ்னிவால் பிரதர்ஸ் வழக்கில், நிறுவனத்தின் செலவில் சிறப்புப் பயிற்சி பெற்றவர் பாதியில் போனால் அந்த மீறலே இழப்புத்தான் என்ற பார்வையை எடுத்தது. உண்மையான பயிற்சி இருந்ததா என்பதுதான் இரண்டிலும் அச்சாணி.

2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு இந்தப் படம் கொஞ்சம் மாறியது. மூன்றாண்டு வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனையோடு சேர்ந்த அதிகாரி 2009-இல் வேறு வங்கிக்குப் போனார். பணத்தை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டு வழக்குத் தொடுத்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம். இது தொழில் தடை அல்ல, பொதுக் கொள்கைக்கு விரோதமும் அல்ல என்றது. தீர்ப்பு வந்த வாரமே 'பாண்ட் செல்லும்' என்று எச்.ஆர். வட்டாரங்களில் கொண்டாட்டம்.

தீர்ப்பைப் படித்தவர்கள் அவ்வளவு கொண்டாட மாட்டார்கள். பொதுத்துறை வங்கி விளம்பரம் செய்து, தேர்வு நடத்தி, திறந்த போட்டியில்தான் ஆள் எடுக்க முடியும்; நடுவில் ஒருவர் போனால் அந்தச் சுற்று மறுபடி முதலிலிருந்து. அதிகாரியின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இரண்டு லட்சம் அதிகமில்லை. இவைதான் காரணங்கள். நாலு வாரம் வீடியோ பார்க்கவைத்துவிட்டு, மாதம் 18,000 சம்பளக்காரரிடம் மூன்று லட்சத்துக்கு பாண்ட் வாங்கும் கம்பெனிக்கு இவற்றில் எது பொருந்தும்? அச்சடித்த மாதிரி ஒப்பந்தத்தில் இரு தரப்பும் சமமில்லை என்று அதே தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. நிபந்தனை நியாயமானது என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் தலையில்தான் என்றும் சொல்கிறது. கொண்டாடியவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலிருக்கிறது.

பாண்டுக்குப் பிணையாக வாங்கும் பொருள்கள் தனி விஷயம். தொகை எழுதாத காசோலையைக் கையில் வைத்திருப்பவர் காசோலை மோசடி வழக்கைக் காட்டி மிரட்ட முடியும். ஆகவே பாண்டைவிட அந்தக் காசோலைக்குத்தான் முதலில் அஞ்ச வேண்டும். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருளோ அடகுப் பொருளோ அல்ல என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

ரிலீவிங் லெட்டர் என்னும் பூட்டு

இந்தத் துறையின் உண்மையான கட்டுப்பாடு ஒப்பந்தத்தின் எந்த வரியிலும் இல்லை. அது வெளியேறும்போது தரப்படும் ஒற்றைத் தாளில் இருக்கிறது.

90 நாள் நோட்டீஸ் என்பது இங்கே ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. வேறு கம்பெனி முப்பது நாளில் வா என்கிறது. பழைய கம்பெனி விடமாட்டேன் என்கிறது. சட்டப்படி யாரையும் உட்காரவைத்து வேலை வாங்க முடியாது. தனிப்பட்ட உழைப்புக்கான ஒப்பந்தத்தை நீதிமன்றம் வலுக்கட்டாயமாக நிறைவேற்றவைக்காது என்பது 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இல்லாதபோது, நிபந்தனையும் தடுக்காதபோது, ராஜினாமா ஊழியரின் உரிமை என்று 2018-இல் பழைய ஏர் இந்தியா ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குறைந்த நாளுக்கான சம்பளத்தைப் பிடிக்கலாம், நஷ்டம் இருந்தால் நிரூபித்துக் கேட்கலாம், அத்துடன் சரி.

ஆனால் 'பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்' நடத்தும் முகவர்களுக்கு இந்தத் தீர்ப்புகள் தெரியாது. அவர்கள் கேட்பது ரிலீவிங் லெட்டர். அது இல்லையென்றால் புதிய வேலை காற்றில். ஆகவே நோட்டீஸ் காலத்தை நிறுவனத்தின் விருப்பப்படிதான் பணம் கட்டிக் குறைக்கலாம் என்ற வரி, நீதிமன்றம் பக்கமே போகாமல் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. கடிதத்தைக் கொடுக்காமல் இழுப்பது, பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் பதியாமல் விடுவது, கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்துவது என்று பூட்டுக்குப் பல சாவிகள்.

சட்டம் இதில் பாதிதான் உதவுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஊதியத் தொகுப்பின்படி, நீக்கமோ ராஜினாமாவோ, நிலுவை ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். 'ஃபுல் அண்ட் ஃபைனல்' 45 நாளில் வரும் என்று எழுதியிருக்கும் பழைய வரி இதற்கு முன் நிற்காது. பணிப் பாதுகாப்புத் தொகுப்பு எல்லோருக்கும் எழுத்தில் நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. வெளியேறும் கடிதத்துக்கு இத்தனை தெளிவான விதி இல்லை. மாதிரி நிலையாணைகளில் (ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்) தொழிலாளிக்குச் சேவைச் சான்றிதழ் உரிமை உண்டு. ஆனால் கர்நாடகா ஐ.டி. நிறுவனங்களுக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுத்து, 2024-இல் அதை மேலும் ஐந்தாண்டு நீட்டியது. நுழையும் தாளை ஒழுங்குபடுத்திய சட்டம் வெளியேறும் தாளைக் கவனிக்காமல் விட்டதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன்.

எழுதியவன் கை, உரிமை யாருடையது

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் கணக்கில் சேர்க்கிறது. நாவலும் நிரலும் ஒரே அலமாரியில். வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியது, வேறு உடன்பாடு இல்லையென்றால், முதலிலிருந்தே நிறுவனத்துக்குச் சொந்தம் என்கிறது 17-ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் இதுதான் நிலை. ராத்திரி பகலாக நான் எழுதியது, நான்தானே எழுதினேன், போர்ட்ஃபோலியோவில் காட்டினால் என்ன என்ற கேள்விக்கு மனசு சொல்லும் பதிலும் சட்டம் சொல்லும் பதிலும் வேறு.

தன்னிச்சையாக வேலை செய்யும் ஃப்ரீலான்சருக்கு இதே சட்டம் தலைகீழ். அவர் ஊழியர் அல்ல. எழுதியது அவருக்கே சொந்தம். நிறுவனத்துக்கு வேண்டுமென்றால் கையெழுத்திட்ட எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். காலம் குறிப்பிடாமல் வாங்கினால் ஐந்து ஆண்டு மட்டும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். கோயம்புத்தூரில் ஒரு ஃப்ரீலான்சரிடம் செயலி எழுதி வாங்கி அமெரிக்காவில் விற்கும் சின்ன நிறுவனம் எத்தனை, அவற்றில் இந்த இரண்டு சொற்களை எழுதிக்கொண்டவை எத்தனை? முதலீட்டாளரின் வக்கீல் வந்து கேட்கும்போதுதான் ஆளைத் தேடி ஓடுவார்கள்.

சிக்கல் உண்மையில் ஓரத்தில் இருக்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் உருவாக்கிய எல்லாமே, எந்த நேரத்தில், எந்தக் கணினியில் செய்தாலும் நிறுவனத்துக்கே என்று பல ஒப்பந்தங்கள் எழுதுகின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எழுதிய தமிழ் விசைப்பலகைச் செயலியும் இதில் அடங்குமா? சட்டத்தின் இயல்பான விதி 'வேலையின் பகுதியாக' என்று நிற்கிறது. ஒப்பந்தம் அந்த வேலியைத் தள்ளி நடப் பார்க்கிறது. இதற்கு என் மனசுக்கு வரும் முன்னோடி நிரல் வழக்கே அல்ல. கேரளத்தின் 'போபனும் மோளியும்' கார்ட்டூன் வழக்கு. டாம்ஸ் என்ற வி.டி. தாமஸ், மலையாள மனோரமாவில் சேருமுன்பே அந்தக் குழந்தைகளை உருவாக்கியிருந்தார். விலகிய பின் வேறு இதழுக்கு வரைந்தபோது பத்திரிகை தடை கேட்டது. வேலையை விட்ட பிறகு அவர் புதிதாக வரையும் படங்களைத் தடுக்க முடியாது என்று 1980-களின் இறுதியில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. தலையில் இருக்கும் பாத்திரம் வேறு, முன்பு வரைந்து கொடுத்த படம் வேறு. பொறியாளர்களுக்கும் இந்தக் கோடு பொருந்தும்: கற்றுக்கொண்ட திறமை கூடவே வரும், எழுதிக் கொடுத்த வரிகள் வராது. பக்கத் திட்டம் வைத்திருப்பவர் சேரும்போதே அதைப் பெயர் சொல்லி ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதிவைத்துவிட்டால், பின்னால் சண்டை பாதியாகக் குறையும். அந்த இணைப்புத் தாள் பல ஒப்பந்தங்களில் காலியாகவே இருக்கிறது. நிரப்பச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

இனி உண்மையாகவே அஞ்ச வேண்டிய இடம். தொழில் ரகசியத்துக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் 289-ஆவது அறிக்கையில் ஒரு வரைவு மசோதாவே கொடுத்திருக்கிறது. ஆனால் சட்டம் இல்லை என்பதால் துணிச்சல் கொள்ள முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் தரவை நகலெடுப்பதையும் மூல நிரலைத் திருடுவதையும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். ரகசியம் காக்கும் நிபந்தனையை 27-ஆம் பிரிவு தொடுவதுமில்லை. வேலை முடிந்த பிறகும் அது உயிரோடு இருக்கும். கடைசி வாரத்தில் பென் டிரைவில் போட்டுக்கொள்வது, சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வது எல்லாம் நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருளில் நேரத்தோடு பதிவாகிறது. 2023-இல் சாம்சங் பொறியாளர்கள் உள்நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது உலகச் செய்தியானது. திருடும் எண்ணம் அங்கே யாருக்கும் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரம்தான். ஒப்பந்தத்தின் கண்ணில் வெளியாருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான்.

இரண்டு வேலை

2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாகச் சொன்னபோது மூன்லைட்டிங் என்ற சொல் டீக்கடை வரை வந்தது. அதே ஆண்டு ஸ்விகி தன் ஊழியர்கள் அனுமதி பெற்றுப் பக்க வேலை செய்யலாம் என்றது. இரட்டை வேலையைத் தொழிற்சாலைச் சட்டம் தடுத்தது, ஐ.டி. அலுவலகம் தொழிற்சாலை அல்ல. ஆகவே எல்லாம் ஒப்பந்த வரியைப் பொறுத்தது. 1967 தீர்ப்பு இங்கே நிறுவனத்தின் பக்கம் நிற்கிறது, ஏனென்றால் இது வேலையில் இருக்கும் காலத்துத் தடை. மாட்டிக்கொள்ளும் வழியும் எளிது: ஒரே பி.எஃப். எண்ணில் ஒரே மாதத்துக்கு இரண்டு நிறுவனத்தின் சந்தா.

நீங்கள் தொழிலாளியா?

சென்னையில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 2015 தொடக்கத்தில் பெரிய நிறுவனம் ஒன்று ஆட்குறைப்பு செய்தபோது, கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் நீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு அவர் வேலைக்குத் திரும்பினார். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016-இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. 2015-இல் நீக்கப்பட்ட இன்னொருவர் விடாமல் நடந்தார். அவர் மேலாளர் என்ற வாதத்தை ஏற்காமல், மீண்டும் வேலையில் சேர்க்கும்படி சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2022-இல். ஏழு ஆண்டு. வெற்றிதான், ஆனால் எத்தனை வீட்டுக் கடன் ஏழு ஆண்டு காத்திருக்கும்?

பலர் நினைப்பதுபோல் சம்பளம் இதில் அளவுகோல் அல்ல. 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுத் தொகுப்பும், அதற்கு முந்தைய 1947 தொழில் தகராறு சட்டமும், திறன்சார்ந்த வேலை, தொழில்நுட்ப வேலை செய்பவரைத் தொழிலாளி என்கின்றன. அதற்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. வரம்பு மேற்பார்வை வேலைக்குத்தான்: முன்பு மாதம் 10,000, இப்போது 18,000. ஆகவே மாதம் இரண்டு லட்சம் வாங்கி நாள் முழுக்க நிரல் எழுதுகிறவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியாக இருக்கலாம். முப்பதாயிரம் வாங்கிக்கொண்டு நாலு பேரை மேய்க்கும் டீம் லீட் இல்லாமல் போகலாம். பதவிப் பெயரைப் பார்க்காதே, முக்கியமாக என்ன வேலை செய்தார் என்று பார் என்பது 1985-இல் சீபா கைகி நிறுவன வழக்கிலிருந்தே உச்ச நீதிமன்றத்தின் வழி.

தொழிலாளி என்று நின்றுவிட்டால், ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியமும் சட்டக் கடமை. 'எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்' என்ற ஒப்பந்த வரி அதைத் தாண்ட முடியாது. அப்படி நிற்க முடியாதவருக்கும் தமிழ்நாட்டில் ஒரு கதவு இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது: 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கு மட்டும் அந்தக் கதவும் இல்லை.

நிறுவனங்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அதனால்தான் அவை நீக்குவதே இல்லை. கூட்ட அறைக்கு அழைத்து, எச்.ஆர். இருவர் எதிரே உட்கார்ந்து, ராஜினாமா செய்தால் ரிலீவிங் லெட்டர் நல்லபடி வரும், இல்லையென்றால் 'டெர்மினேட்டட்' என்று பதிவாகும் என்கிறார்கள். மறுபடி அதே தாள். அரை மணி நேரத்தில் அனுப்பப்படும் அந்த ஒரு மின்னஞ்சல், மேலே சொன்ன பாதுகாப்பு அத்தனையையும் ஊழியரின் கையாலேயே அழித்துவிடுகிறது. வற்புறுத்தி வாங்கிய ராஜினாமா என்று பின்னால் வாதாடலாம். நிரூபிப்பது அவர் பாடு. தகராறு எழுப்பும் காலக்கெடுவும் மூன்று ஆண்டிலிருந்து புதிய தொகுப்பில் இரண்டாகச் சுருங்கிவிட்டது.

கடைசிப் பக்கத்தில் இருக்கும் வரியை யாரும் படிப்பதில்லை: வழக்கு எதுவானாலும் மும்பை நீதிமன்றத்தில் மட்டும். 2025 ஏப்ரலில் ஹெச்டிஎஃப்சி வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய நிபந்தனை பணி ஒப்பந்தத்திலும் செல்லும் என்றது. வலிய சிங்கம், பயந்த முயல் என்று ஒப்பந்தத் தரப்பினரைப் பிரித்துப் பார்க்க அது ஒப்பவில்லை. நடுவர் மன்ற நிபந்தனையில் மட்டும் கொஞ்சம் ஆறுதல்: நிறுவனமே தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று 2019 முதல் நிலைபெற்றிருக்கிறது. தொழிலாளி என்றால் இந்த மும்பை வரி தொடாது. வேலை பார்த்த ஊரின் தொழிலாளர் துறைக்கும் தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

ஆக, எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: வெளியேற்றப்பட்ட ஊழியர் அங்கே செய்த வேலை நிரல் எழுதுவதா, ஆள் மேய்ப்பதா? 'மேனேஜர்' என்று போட்ட பதவி உயர்வுக் கடிதம் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பிறகும் அவர் நாள் முழுக்க நிரல்தான் எழுதினார் என்று காட்டும் பதிவுகளும் மின்னஞ்சல்களும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு அந்தக் கணக்கு மூடப்படும். அதற்கு முன் நகல் எடுத்துக்கொண்டால் 43-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். எடுக்காவிட்டால், அவற்றைத் தாக்கல் செய்யும்படி நிறுவனத்துக்கு உத்தரவிடக் கேட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தனியாக ஒரு மனு போட வேண்டும்.